நியூட்ரான் கணக்கு உதைக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மேசை, இரண்டு மடிக்கணினி, ஒரு யுபிஎஸ். சனிக்கிழமைதோறும் ஆராய்ச்சிக்குள் புதிதாகக் கால் வைத்திருக்கும் இருவர் வருகிறார்கள், ஒரு பையன், ஒரு பெண். அவர்கள் கையில் இருப்பது வெளிநாட்டில் எடுத்த பழைய தரவு. ஈயம்-208 இலக்கின் மேல் 420 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஹீலியம்-3 கற்றை, முன்னால் ட்ரைட்டானைப் (ஹைட்ரஜன்-3 அணுக்கரு) பிடிக்கும் காந்த ஸ்பெக்ட்ரோமீட்டர், பின்பக்கம் நியூட்ரானைப் பிடிக்கும் திரவ சிண்டிலேட்டர்கள் (துகள் பட்டால் மினுங்கும் திரவக் கலங்கள்). நான் அந்தக் காலத்தில் செய்த அத்தனை தப்பையும் இருவரும் வரிசை தவறாமல் செய்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் அதையே வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று இது.

முதலில் என்ன அளக்கிறோம் என்று ஒரு வார்த்தை. ஹீலியம்-3 ஈயத்தை உரசிப் போகும்போது மின்னூட்டம் கை மாறுகிறது. போனது ஹீலியம்-3, வெளியே வந்தது ட்ரைட்டான். ஈயம்-208 பிஸ்மத்-208 ஆகிவிட்டது. ட்ரைட்டானின் உந்தத்தை அளந்தால் பிஸ்மத் எவ்வளவு கிளர்ந்திருக்கிறது, அதாவது எவ்வளவு ஆற்றலை உள்ளே வாங்கியிருக்கிறது என்று தெரியும். அந்தக் கிளர்ச்சி 6.89 எம்இவி-ஐத் தாண்டினால் ஒரு நியூட்ரான் கழன்று போகலாம்; 14.98-ஐத் தாண்டினால் இரண்டு போகலாம். எந்தக் கிளர்ச்சியிலிருந்து எத்தனை நியூட்ரான், என்ன ஆற்றலில் வருகிறது என்பதுதான் கேள்வி. நியூட்ரானின் ஆற்றலைக் கண்டுபிடிக்க, அது இலக்கிலிருந்து டிட்டெக்டர் வரை பறக்க எடுத்த நேரத்தைப் பார்க்கிறோம்.

இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்டால் நான் கூடங்குளத்தைக் காட்டுவேன். அங்கே உலையை நிதானமாகக் கட்டுப்படுத்த முடிவதே தாமத நியூட்ரான்களால்தான். புரோமின்-87 பீட்டா சிதைவடைந்து கிரிப்டான்-87-இன் கிளர்ந்த நிலைக்குப் போகிறது; நியூட்ரான் வருவது அந்த நிலையிலிருந்து. புரோமினின் அரை ஆயுள் 55 வினாடிச் சொச்சம், அதனால்தான் தாமதம். ஆனால் பீட்டா சிதைவு தன் கையிருப்பு ஆற்றல் வரைக்கும்தான் எட்டும். மின்னூட்டப் பரிமாற்ற வினை அதற்கு மேலும் ஏறிப் பார்க்கும். கனடாவில் சட்பரி சுரங்கத்துக்குள் 79 டன் ஈயத்தை வைத்துக்கொண்டு சூப்பர்நோவா நியூட்ரினோவுக்காகக் காத்திருக்கிறது ஹேலோ என்ற கருவி. அந்த ஈயத்தில் எலக்ட்ரான் நியூட்ரினோ பட்டால் உண்டாவதும் இதே பிஸ்மத் நிலைகள்தான்.

சரி, கோளாறுகளுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு பழக்கம். எதைப் பார்ப்பதற்கு முன்னும், கிளர்ச்சி ஆற்றலைக் கிடை அச்சிலும் நியூட்ரான் ஆற்றலைச் செங்குத்து அச்சிலும் போட்டு ஒரு இருபரிமாணப் படம் வரையுங்கள். அதில் 6.89-க்கு இடப்பக்கம் உள்ள பட்டை காலியாக இருக்க வேண்டும். அங்கே நியூட்ரான் வர இயற்கையில் வழியே இல்லை. அந்த வெற்றிடத்தை நாங்கள் "தரிசு" என்று கூப்பிடுகிறோம். கீழே வரும் பாதிப் பிழைகள் தரிசில்தான் முதலில் முளைக்கும்.

தரிசில் நியூட்ரான் முளைத்திருக்கிறது

மிகச் சாதாரணமான காரணம் தற்செயல் ஒத்திசைவு. ட்ரைட்டான் ஒரு வினையிலிருந்து வந்திருக்கும். நியூட்ரான் வேறு ஏதோ வினையிலிருந்தோ, கற்றை போய் முட்டி நிற்கும் ஃபாரடே கோப்பையிலிருந்தோ வந்திருக்கும். இரண்டும் ஒரே நேரச் சாளரத்துக்குள் விழுந்ததால் கணினி ஜோடி சேர்த்துவிட்டது.

இதை இவர்களுக்கு விளக்க ஜங்ஷனிலிருந்து வரும் டவுன் பஸ்ஸைத்தான் துணைக்கு இழுத்தேன். சைக்ளோட்ரான் (துகள் முடுக்கி) கற்றை தொடர்ந்து ஒழுகுவதில்லை, கொத்துக் கொத்தாக வருகிறது. முடுக்கியின் ஆர்எஃப், அதாவது கற்றையைத் தள்ளும் ரேடியோ அலை, 15 மெகாஹெர்ட்ஸ் என்றால் 66.7 நானோ வினாடிக்கு ஒரு கொத்து. பாளை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் நடந்து வருகிறார். இப்போது வந்த பஸ்ஸில் இறங்கியவரா, முந்தின பஸ்ஸில் இறங்கி டீ குடித்துவிட்டு வருபவரா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2 மீட்டர் தூரத்தைக் கடக்க 1 எம்இவி நியூட்ரானுக்கு 144.6 நானோ வினாடி ஆகிறது. அது வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு கொத்து இலக்கில் விழுந்துவிடும்.

சோதனை எளிது. கற்றையின் அளவைப் பாதியாகக் குறைத்து எடுத்த ஓட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான ஜோடி கற்றையோடு நேர் விகிதத்தில் போகும். தற்செயல் ஜோடி கற்றையின் வர்க்கத்தோடு போகும். பாதிக் கற்றையில் தரிசு நாலில் ஒரு பங்காக இளைத்தால் குற்றவாளி தற்செயல்தான்.

கழிக்கும் விதத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். தற்செயல் பின்னணி தட்டையாக இருக்கும் என்று நினைத்து ஒரு நேர்க்கோட்டைக் கழித்துவிடுகிறார்கள். அது தட்டை அல்ல, 66.7 நானோ வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை. நேரப் படத்தில் காமா கதிர்கள் முதலில் வந்து குவியும் இடம் காமா கூம்பு; அதற்கு முந்தின நேரப் பகுதியில் உண்மையான நியூட்ரான் இருக்க முடியாது. அங்கே முழுதாக ஒன்றிரண்டு கொத்து இடைவெளியை எடுத்து, அந்த வடிவத்தையே திரும்பத் திரும்ப நகர்த்திக் கழிக்க வேண்டும்.

இன்னொன்று. கழித்த பிறகு சில கட்டங்களில் மைனஸ் எண் வரும். "எண்ணிக்கை எப்படி சார் மைனஸ்ல வரும்?" என்று பையன் அதையெல்லாம் பூஜ்யமாக்கி வைத்திருந்தான். ஏற்ற இறக்கத்தில் இறக்கத்தை மட்டும் வெட்டினால் மிச்சம் இருப்பது ஏற்றம்தானே. தரிசின் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு வராமல் இரண்டு வாரம் எங்களை அலைய வைத்தது அந்த ஒரு வரி நிரல்தான். மைனஸ் எண்ணைத் தொடாதீர்கள்.

தற்செயலைச் சரியாகக் கழித்தும் தரிசு நிறைந்தே இருந்தால் அது காமாவின் வேலை. 6.89-க்குக் கீழே பிஸ்மத் காமாவைத்தான் உமிழும். அதில் சிறு பகுதி நியூட்ரான் வேடம் கட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு, பின்னால் வரும் துடிப்பு வடிவப் பகுதியைப் பாருங்கள்.

காமா கூம்பு அகலமாக இருக்கிறது, அல்லது இரண்டாகத் தெரிகிறது

காமா எல்லாம் ஒரே வேகத்தில் வருவதால் நேரப் படத்தில் ஒல்லியாக ஒரு கூம்பு நிற்க வேண்டும். 1 நானோ வினாடி அகலம் என்றால் சந்தோஷப்படலாம். 5 என்றால் நேரத்தை எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில், ட்ரைட்டான் குவிதளத்தில் (ஸ்பெக்ட்ரோமீட்டரின் கடைசியில் அது வந்து விழும் இடம்) தட்டிய நேரம் என்று வரும்.

ட்ரைட்டான் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் 20 மீட்டர் அளவு வளைந்து ஓடுகிறது. அதன் வேகம் ஒளி வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஏறக்குறைய 140 நானோ வினாடி. வளைவின் வெளிப்பக்கம் போனது கூடுதல் தூரம் ஓடும், உள்பக்கம் போனது குறைவாக ஓடும். பாதையில் 1 சதவீதம் மாறினாலே 1.4 நானோ வினாடி போய்விட்டது. அதனால் குவிதளத்தில் விழுந்த இடம், கோணம் இரண்டையும் வைத்து அந்த நேரத்தைத் திருத்துங்கள். அல்லது ட்ரைட்டானை வைத்து எந்தக் கொத்து என்று மட்டும் தீர்மானித்துவிட்டு, துல்லிய நேரத்துக்கு ஆர்எஃப் சமிக்ஞையைப் பிடியுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரே ஆபத்து, ஆர்எஃப் கட்டம் பகலும் இரவும் மெல்ல நகரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காமா கூம்பின் இடத்தைத் தனியாகக் குறித்து நேராக்கிக்கொள்ளுங்கள். எல்லா ஓட்டத்தையும் கூட்டிய பிறகு அகலத்தைப் பார்த்துப் புலம்புவதில் பிரயோஜனம் இல்லை.

எதற்கு இவ்வளவு கறார்? 2 மீட்டர் பாதையில் 8 எம்இவி நியூட்ரான் 51 நானோ வினாடியில் வந்துவிடும். 2 நானோ வினாடி பிசகினால் ஆற்றலில் 0.6 எம்இவி-க்கு மேல் பிசகு. 1 எம்இவி நியூட்ரானுக்கு அதே பிசகு ஒன்றும் செய்யாது. வேகமானதுதான் அடி வாங்கும்.

அகலம் துடிப்பின் உயரத்தைப் பொறுத்து மாறுகிறதா? சின்னத் துடிப்பு தாமதமாகவும் பெரியது சீக்கிரமாகவும் தெரிந்தால் சிஎஃப்டி-யின் (துடிப்பு சின்னதோ பெரியதோ, நேரத்தை ஒரே மாதிரி குறிக்க வேண்டிய சுற்று) அமைப்பு சரியில்லை. துடிப்பு உயரத்துக்கு எதிராக நேரத்தைப் போட்டால் காமா கோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். வாழைப்பழம் மாதிரி வளைந்தால் அந்த வளைவை வைத்தே திருத்தலாம்.

கூம்பு இரண்டாகத் தெரிவது வேறு கதை. ஒரு டிட்டெக்டரில் மட்டும் என்றால் அந்த வழியில் யாரோ பாதி ஓட்டத்தில் கேபிளை மாற்றியிருக்கிறார்கள். மீட்டருக்கு 5 நானோ வினாடி என்று கணக்குப் போட்டால் எத்தனை மீட்டர் என்பதுகூடத் தெரிந்துவிடும். எல்லா டிட்டெக்டரிலும் என்றால் இலக்குக்குப் பக்கத்தில் கற்றை வேறு எதையோ உரசுகிறது. கற்றையின் ஓரம் இலக்குச் சட்டத்தில் பட்டாலே போதும்.

15.17-இல் இருந்த கூம்பு நியூட்ரான் நிபந்தனை போட்டதும் காணாமல் போகிறது

"சார், இவ்வளவு பெரிய பீக், கேட் போட்டதும் படுத்துட்டு சார்" என்று பதறிப் போய் போன் செய்தான் பையன். ராத்திரி பதினொன்றரை. ஏல, படுக்கட்டும், அது படுக்க வேண்டியதுதான், நீயும் போய்ப் படு என்றேன்.

கேட், அதாவது நிபந்தனை, என்பது நியூட்ரானோடு ஜோடி சேர்ந்த ட்ரைட்டானை மட்டும் எண்ணுவது. அதில் இந்தக் கூம்பு படுப்பது பிழையே இல்லை. 15.17 எம்இவி-யில் நிற்பது ஐசோபாரிக் அனலாக் நிலை, அதாவது ஈயம்-208-இன் தரைநிலையை அப்படியே ஒரு படி நகர்த்தி வைத்தது போன்ற நிலை. இப்படிப்பட்ட நிலைகளை 1961-இல் ஆண்டர்சனும் வோங்கும் வனேடியத்தில் புரோட்டான்-நியூட்ரான் வினை வழியாகக் கண்டுபிடித்தார்கள். நம் பிஸ்மத் நிலையின் ஐசோஸ்பின் (நியூட்ரான், புரோட்டான் எண்ணிக்கை வித்தியாசத்தோடு தொடர்புள்ள ஒரு குவாண்டம் எண்; சிதையும்போது ஏறக்குறைய மாறாது) 22. நியூட்ரானை உதிர்த்தால் மிஞ்சும் பிஸ்மத்-207-இன் தாழ்நிலைகளுக்கு ஐசோஸ்பின் 20.5; நியூட்ரானின் அரையைக் கூட்டினாலும் 21-தான். 22 எட்டாது. புரோட்டானை உதிர்த்தால் மிஞ்சுவது ஈயம்-207, அதற்கு 21.5, கூட்டினால் 22. கணக்கு நேராகிறது. அதனால் இந்த நிலை முக்கியமாகப் புரோட்டானைத்தான் உதிர்க்கும், 11 எம்இவி-க்கு மேல் ஆற்றலோடு.

நியூட்ரான் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஐசோஸ்பின் கலப்படம் கொஞ்சம் உண்டு, அதன் வழியாகச் சில நியூட்ரான் கசியும். ஆனால் கூம்பு இளைக்க வேண்டும். நியூட்ரான் நிபந்தனை போட்ட பிறகும் அது அதே கம்பீரத்தோடு நின்றால்தான் பயப்பட வேண்டும். உங்கள் நிபந்தனை எதையுமே வடிகட்டவில்லை என்று அர்த்தம்.

அதன் அடியில் அகலமாகப் பரந்து கிடப்பது காமோவ்-டெல்லர் ஒத்ததிர்வு, அணுக்கரு கூட்டாகச் சேர்ந்து அதிரும் ஒரு வகை. இப்படி ஒன்று இருக்கும் என்று 1963-இலேயே இகேடா, ஃபுஜி, ஃபுஜிதா சொல்லிவிட்டார்கள். சிர்க்கோனியம்-90-இல் அது கண்ணில் பட்டது 1975-இல், மிச்சிகனில். இது பெரும்பாலும் நியூட்ரானாகத்தான் கொட்டும். அதனால் நிபந்தனை போட்டதும் கூம்பு மறைந்து மேடு மட்டும் மிஞ்சினால் உங்கள் கருவி நன்றாக வேலை செய்கிறது.

யாரும் கேட்காத இடத்தில் ஒல்லியான கூம்புகள்: 14.5, 12.5

அழுக்கு. பம்பு எண்ணெய் ஆவி இலக்கின் மேல் படிந்து கரியாகும். கார்பன்-12 நைட்ரஜன்-12 ஆக 17.36 எம்இவி செலவாகிறது, ஈயத்துக்கு 2.90 மட்டுமே. வித்தியாசம் 14.46, பிஸ்மத் அளவுகோலில் அந்த இடத்தில் ஒரு கூம்பு நிற்கும். ஆக்சிஜன்-16 என்றால் 12.5 பக்கம். இரண்டுமே நியூட்ரானைத் தராது, ஆகவே நிபந்தனை போட்டால் மறையும். ஆனால் நியூட்ரான் பங்கைக் கணக்கிடும்போது பகுதியில், அதாவது மொத்த ட்ரைட்டான் எண்ணிக்கையில், இவையும் சேர்ந்துகொண்டு விகிதத்தைக் குறைத்துக் காட்டும். சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த ஓட்டங்களை ஒப்பிட்டால் கரி ஏறிக்கொண்டே போவது தெரியும். வெறும் கார்பன் இலக்கில் எடுத்த ஓட்டம் இருந்தால் அளவு பார்த்துக் கழித்துவிடலாம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூஜ்ய டிகிரியில் −2.9 பக்கம், கிளர்ச்சி ஆற்றல் மைனஸ் போகும் இடத்தில், ஒரு கூம்பு தெரிந்தால் அது அணுக்கரு வினையே அல்ல. ஹீலியம்-3 அயனி இலக்கில் ஒரு எலக்ட்ரானைப் பொறுக்கிக்கொண்டு ஒற்றை மின்னூட்டத்தோடு வந்துவிட்டது. காந்தத்துக்கு அது ட்ரைட்டான் மாதிரியேதான் தெரியும். குவிதள சிண்டிலேட்டரில் அது இழக்கும் ஆற்றல் நான்கு மடங்கு அளவு இருப்பதால் பிரித்துவிடலாம். பிரிப்பதற்கு முன் அதை வைத்தே ஆற்றல் அளவீட்டையும் சரிபார்த்துக்கொள்ளலாம், இலவசமாகக் கிடைத்த மைல்கல்.

துடிப்பு வடிவப் படத்தில் நியூட்ரானும் காமாவும் கலந்து கிடக்கின்றன

திரவ சிண்டிலேட்டரில் ஒளி ஒரே மூச்சில் வருவதில்லை. 3 நானோ வினாடி அளவில் வேகமாக ஒரு பகுதி, 32 அளவில் ஒன்று, 270 அளவில் மெதுவாக ஒன்று. நியூட்ரான் உதைத்த புரோட்டான் அந்த மெதுவான பகுதியைக் கூடுதலாகத் தரும். ஆக, வாலின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்தால் நியூட்ரான் மேலேயும் காமா கீழேயுமாக இரண்டு பட்டைகள் பிரியும். குறைந்த ஒளியில் இரண்டும் கலப்பது இயல்பு. அதிக ஒளியிலும் கலந்தால் கோளாறு.

முதலில் ஒருங்கிணைக்கும் சாளரத்தைப் பாருங்கள். மொத்தச் சாளரத்தை 100 நானோ வினாடியில் வெட்டிவிட்டு நியூட்ரான் பிரியவில்லை என்று குறைபடுவதில் நியாயம் இல்லை. பிரிக்க வேண்டிய வாலையே வெட்டிவிட்டீர்கள். 250, 300 வரை நீட்டுங்கள். அதிகமாக நீட்டினால் அடுத்த துடிப்பு வந்து வாலில் ஏறும், அதுவும் உண்டு.

அடுத்தது, கண்ணில் படாத ஒரு கோளாறு. இங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சின்னதாக ஒரு திரவக் கலம் வைத்துப் பயிற்சி எடுத்தோம். சீசியம்-137 மூலம்தான், நியூட்ரானே கிடையாது. ஆனாலும் திரையில் அழகாக இரண்டு பட்டை. பெண் அதைப் பார்த்து, "சார், கூடங்குளத்துல இருந்து வருதோ?" என்று சிரிக்காமல் கேட்டாள். அலைக்காட்டியில் ஒற்றைத் துடிப்பை நிறுத்திப் பார்த்தோம். பெரிய துடிப்புக்குச் சரியாக 100 நானோ வினாடி தள்ளி, வாலின் மேல் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு குட்டித் துடிப்பு. கேபிள் 10 மீட்டர். போக 50, வர 50. முனையில் இருக்க வேண்டிய 50 ஓம் மூடி ஒரு வழியில் கழன்று மேசைக்கடியில் கிடந்தது. எதிரொலி வாலில் ஏறிக்கொண்டதால் அந்த வழியாக வந்த காமா எல்லாம் நியூட்ரான் ஆகிவிட்டது. குனிந்து மூடியை எடுத்துத் திருகியதும் இரண்டாவது பட்டை போய்விட்டது.

அடுத்து ஆக்சிஜன். கலத்தில் கசிவு இருந்தால் திரவத்தில் காற்று கரைந்து மெதுவான ஒளியைத்தான் முதலில் கொல்லும். மொத்த ஒளி அவ்வளவாகக் குறையாது, பிரிப்பு மட்டும் மாதாமாதம் மோசமாகும். நைட்ரஜனையோ ஆர்கானையோ குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்டி மறுபடி அடைக்க வேண்டும். இதை நம் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்ஈ-213, பிசி-501ஏ வகைத் திரவங்கள் சைலீன் அடிப்படையில் ஆனவை. 25 டிகிரிப் பக்கத்திலேயே தீப்பிடிக்கும் ஆவி கிளம்பிவிடும். நெல்லையின் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அந்த மூடியைத் திறப்பதும் பெட்ரோல் டின்னைத் திறந்து வைப்பதும் ஒன்றுதான். புதிதாக வாங்குவதாக இருந்தால் இஜே-309 பாருங்கள், அதற்கு 144 டிகிரி. பிரிப்பில் கொஞ்சம் பின்தங்கினாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

மூலைவிட்டக் கோடுகள் வளைகின்றன

முதலில் வரைந்த இருபரிமாணப் படத்தில், மிச்ச அணுக்கருவின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சாய்ந்த கோடு தெரிய வேண்டும். கிளர்ச்சி 1 எம்இவி ஏறினால் நியூட்ரானும் 1 எம்இவி ஏறும். துல்லியமாகச் சொன்னால் 207-இன் கீழ் 208 பங்கு. ஈயத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. கார்பன் போன்ற லேசான அணுக்கருவில் பின்னுதைப்பு 8 சதவீதம் வரை தின்றுவிடும், அங்கே மறந்தால் கோடு சாயும்.

ஈயத்திலேயே கோடு மேல்பக்கம் வளைந்து போனால் நேரத்தின் பூஜ்யம் தப்பு. இதை எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்போம்: காமா கூம்பைப் பிடித்து "இதுதான் பூஜ்யம்" என்று வைத்துவிடுவது. காமாவுக்கும் 2 மீட்டர் கடக்க 6.7 நானோ வினாடி ஆகும் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். விளைவைப் பாருங்கள். 1 எம்இவி நியூட்ரான் 1.1 என்று காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. 8 எம்இவி நியூட்ரான் 10.6 என்று காட்டும். 15.6 எம்இவி கிளர்ச்சியிலிருந்து 6.89 கழித்தால் மிஞ்சுவதே 8.7-தான்; 10.6 எங்கிருந்து வரும்? வரவுக்கு மேல் செலவு காட்டும் கணக்கை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் தரிசைப் போலவே இந்த மேல் எல்லைக்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

சரிவு சரியாக இருந்து எல்லாக் கோடும் ஒரே அளவு தள்ளி நின்றால் நேரத்தைத் தொடாதீர்கள். கிளர்ச்சி ஆற்றலின் அளவீடுதான் நகர்ந்திருக்கிறது.

நியூட்ரான் பங்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது

இரண்டு நியூட்ரான் வரக்கூடிய ஆற்றலில் தாண்டலாம். அதற்குக் கீழே தாண்டினால் திறன் கணக்கு, அதாவது வந்த நியூட்ரானில் எத்தனையை டிட்டெக்டர் பிடிக்கிறது என்ற கணக்கு, தப்பு. நான் முதலில் சந்தேகப்படுவது தொடக்க வரம்பை, அதாவது எவ்வளவு ஒளிக்கு மேல் வந்தால் எண்ணுவது என்ற எல்லையை.

கிளர்ந்த பிஸ்மத்திலிருந்து வரும் நியூட்ரானில் பெரும்பாலானவை ஆவியாதல் வகை, 1 எம்இவி-யைச் சுற்றியே குவியும். டிட்டெக்டரின் திறன் வேகமாக ஏறி இறங்குவதும் சரியாக அந்த இடத்தில்தான். 1 எம்இவி புரோட்டான் தரும் ஒளி அதே ஆற்றல் எலக்ட்ரான் தருவதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். எனவே எலக்ட்ரான் அளவில் வரம்பு கொஞ்சம் நகர்ந்தாலும் நியூட்ரான் பக்கம் பெரிய ஓட்டை விழும். அந்த அளவைக் குறிக்கக் காமா மூலங்கள் உதவும்: சீசியம்-137-இன் காம்ப்டன் விளிம்பு (காமா ஒரே மோதலில் எலக்ட்ரானுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச ஆற்றல்) 477 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்), சோடியம்-22-க்கு 341, 1062. இந்த விளிம்பைக் குறிக்கும்போது உச்சியைக் குறிக்காதீர்கள். கருவியின் மங்கல் காரணமாக உண்மையான விளிம்பு உச்சிக்கு வலப்பக்கம், சரிவில் இறங்கும் இடத்தில் இருக்கும். கணினி உருவகத்தோடு பொருத்திப் பார்த்துக் குறிப்பதுதான் நல்லது.

திறனை நேரடியாக அளக்கக் கலிஃபோர்னியம்-252 வைப்பது வழக்கம். பிளவுக்குச் சராசரியாக 3.76 நியூட்ரான், ஆற்றல் பரவல் நன்கு தெரிந்தது. ஒரு தடவை நானே திறனைப் பாதிக்கும் கீழே கணித்து, நியூட்ரான் பங்கு 200-ஐத் தாண்டி நின்றதைப் பார்த்து விழித்தேன். மூலத்தின் டப்பாவில் ஒட்டியிருந்த வலிமையை அப்படியே எழுதியிருந்தேன். ஒட்டியது மூன்று வருடத்துக்கு முன்பு. அரை ஆயுள் 2.65 வருடம். பிளவுத் துண்டையே தொடக்கச் சமிக்ஞையாக வைத்து அளந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் சிதறல். தரை, சுவர், இலக்கு அறையின் இரும்பு விளிம்பு எல்லாம் நியூட்ரானைத் திருப்பி அனுப்பும். அது சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து, குறைந்த ஆற்றல் நியூட்ரான் போல நடிக்கும். டிட்டெக்டருக்கும் இலக்குக்கும் நடுவே ஒரு நிழல் தண்டை நிறுத்தி நேர்வழியை மறைத்து ஒரு ஓட்டம் எடுத்தால், மிஞ்சியது முழுவதும் சிதறல். சோதனை நேரத்தில் இதை எடுக்காமல் விட்டவர்களுக்கு உருவகக் கணிப்புதான் கதி. டிட்டெக்டர்களைப் பின்பக்கக் கோணங்களில் வைப்பதும் இதே காரணத்தில் சேர்த்தி. முன்பக்கம் உடைந்த ஹீலியம்-3-இன் வேகமான நியூட்ரான்கள் மழையாகக் கொட்டும்.

ஒத்திசைவே வரவில்லை

பதற்றமாக இருக்கும், பதில் சின்னது. நியூட்ரான் டிட்டெக்டர் தட்டிய பிறகுதான் பெரும்பாலும் ட்ரைட்டான் குவிதளத்தைத் தொடுகிறது. நியூட்ரான் சமிக்ஞையைப் போதுமான அளவு தாமதிக்காவிட்டால் சாளரம் திறக்கும்போது அது போய்ச் சேர்ந்திருக்கும். எண்முறைக் கருவி என்றால் முன்நினைவகத்தின் (முன்னால் வந்த சமிக்ஞையைப் பிடித்து வைக்கும் இடம்) நீளத்தைக் கூட்டுங்கள்.

இரண்டு நியூட்ரான் நிகழ்வுகள், வரக்கூடாத ஆற்றலில்

14.98-க்குக் கீழேயும் இரண்டு டிட்டெக்டர் ஒன்றாகத் தட்டுகின்றன என்றால் அது ஒரே நியூட்ரானின் இரட்டை வேடம். முதல் டிட்டெக்டரில் இடித்துச் சிதறி அடுத்ததில் நுழைந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து டிட்டெக்டர்களில்தான் இது அதிகம். இரண்டு தட்டலுக்கும் உள்ள தூரத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்து வேகம் பாருங்கள். ஒரே நியூட்ரான் என்றால் அந்த வேகம் முதல் தட்டலுக்கு முன் இருந்த வேகத்தைத் தாண்டாது. பக்கத்து ஜோடிகளை மொத்தமாக விலக்கிவிடுவது இன்னும் சுலபம், ஆனால் எண்ணிக்கை குறையும்.

14.98-ஐத் தாண்டியதுமே இரண்டு நியூட்ரான் குவியும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். முதல் நியூட்ரான் 2 எம்இவி எடுத்துக்கொண்டு போய்விட்டால், 15.6-இலிருந்து மிச்சம் 6.7-தான். பிஸ்மத்-207-இலிருந்து அடுத்ததைக் கழற்ற 8.1 வேண்டும். ஆக, உண்மையான இரட்டை நியூட்ரான் மேலே, 20 எம்இவி பக்கம் ஸ்பின்-இருமுனை ஒத்ததிர்வு என்ற இன்னொரு கூட்டதிர்வு கிடக்கும் பகுதியில்தான் பலமாக வரும்.

எங்கள் பிள்ளைகள் இப்போது நிற்பது இந்த இடத்தில். 14.98-க்குக் கீழே அவர்கள் படத்தில் இன்னும் பதினேழு இரட்டை நிகழ்வு மிச்சம் இருக்கிறது. அதில் பதினாலு ஒரே ஜோடி டிட்டெக்டரில், ஏழாவதும் எட்டாவதும். அந்த இரண்டுக்கும் நடுவே ஏதாவது தடுப்பு வைத்திருந்தோமா இல்லையா என்று என் பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பையன் செல்போன் வெளிச்சத்தை நோட்டின் மேல் பிடித்தான். பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "7, 8 – ஈயத்தகடு எடுத்தாச்சு, திரும்ப வைக்கணும்."